புகார் கொடுத்த மகளுக்கு

கவிதா கண்ணு,

இதைப் படித்து முடிக்கும்வரை எனக்கு ஃபோன் போடாதே. பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி. நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். நேரில் என்றால் நீயும் நானும் நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசுவோம், ஐந்தாவது வார்த்தையில் சண்டை வந்துவிடும், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதுவும் இல்லாமல் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நீ சென்னையிலிருந்து வரப்போகிறாய். வந்த நிமிஷத்திலிருந்து வீடு நிறைய அத்தைகளும் பெரியம்மாக்களும் இருப்பார்கள். நலங்கு வைக்கிற இடத்தில் ரகசியம் பேச முடியுமா? அதனால்தான் முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில், கடையில் பட்டுப்புடவை அடுக்குகளுக்கு நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவளின் தமிழ் இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்திக் காட்டாதே.

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். ஆனால் அதை நேராகச் சொன்னால் அதன் அருமை உனக்குத் தெரியாது. ஊட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தால் உன் முகம் சுருங்கிவிடும் என்று இத்தனை நாளாக வீட்டில் யாரும் எடுப்பதில்லை. இன்றைக்கு நான் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்.

அப்போது நீ சென்னையில் கால் சென்டர் வேலைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ராத்திரி முழுக்க யாரோ வெள்ளைக்காரர்களிடம் பேசிவிட்டு, காலையில் ஹாஸ்டலுக்கு வந்து எனக்கு ஃபோன் பண்ணுவாய். எடுத்தவுடன் இங்கிலீஷில் வணக்கம் சொல்லிவிட்டு, "ஐயோ, அம்மாவா"ன்னு நாக்கைக் கடிப்பாய். சம்பாதிக்கிற பெண் ஆகிவிட்டாய் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் பத்தாயிரம் ரூபாய்ப் புடவை வாங்க வருகிறவர்களிடமெல்லாம், கேட்கிறார்களோ இல்லையோ, "எம்பொண்ணு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில கீது"ன்னு ஒரு வார்த்தை போட்டுவிடுவேன். முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

உன் மனசில் ஒரு ஆசை இருந்தது, அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உன் அப்பா வேன் டிரைவர். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்து ஸ்டாண்டில் வண்டி போட்டு, கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திருப்பதி, கொடைக்கானல், ஊட்டி என்று எத்தனை ஊர் போயிருப்பார். போகிற ஊரிலெல்லாம் பெரிய பெரிய ஓட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, வேன் சீட்டிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, "அந்த ஓட்டலெல்லாம் எப்டிப்பா இருக்கும்?"னு கேட்டாய். அவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "கார் பார்க்கிங் நல்லா விசாலமா இருக்கும்மா"ன்னு சொன்னார். நானும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அப்பாவை ஒருநாளாவது அந்த ஓட்டல்களில் ஒன்றில் படுக்க வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாயாம்.

அதற்காகத்தான் இன்டர்நெட்டில் அந்த ஏலக்கடையைத் தேடிப் பிடித்தாய். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம், செல்போனிலிருந்து பழைய சைக்கிள்வரை இருக்கிறது என்று எனக்கு விளக்கினாய். அதில் ஒருத்தன் ஊட்டி ஓட்டலில் மூன்று நாள் தங்குகிறதுக்கு வவுச்சர் விற்றான். நான் வாங்கினேன், போக முடியவில்லை, பாதி விலைக்குத் தருகிறேன் என்று போட்டிருந்தான். ஓட்டல் பேரும் படமும் நிஜம். நீ உடனே வாங்கிவிடவில்லை, பாவம். எனக்குத்தான் ஃபோன் பண்ணினாய்.

"அம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இவன்கிட்ட இதுவரைக்கும் யாருமே வாங்கல. வாங்கினவங்க ஸ்டார் போடுவாங்க, இவனுக்கு ஒண்ணுகூட இல்ல. அதான் யோசனையா இருக்குது."

நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அடியே, போணி ஆவாத கடைடி அது! போணிக்கு எவனாச்சும் ஏமாத்துவானா? வாங்கு வாங்கு, நமக்குத்தான் நல்ல விலைக்குக் குடுப்பான்."

கண்ணு, காலையில் கடை திறந்து முதலில் வருகிற ஆளை நாங்கள் எப்படி நடத்துவோம் என்று உனக்குத் தெரியும். போணி என்றால் முதலாளி நஷ்டத்துக்குக்கூட ஒரு புடவையைக் கொடுத்து அனுப்புவார். அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கல்லாவில் போடுவார். தங்கத்தில் கலப்படம் பண்ணுகிறவன்கூட போணியில் கலப்படம் பண்ணமாட்டான், அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று பயப்படுவான். காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் பிறந்த புத்தி அப்படித்தான் போகும். ஒரு ஸ்டாரும் இல்லாதவனைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் விலகி ஓடும், நான் பரிதாபப்பட்டேன். நீ பணத்தை பேங்கில் கட்டிவிட்டாய். நாலு நாளில் கூரியரில் வழவழவென்று கலர் பேப்பரில் வவுச்சர் வந்தது. அதை உன் அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் அவர் பண்ணின கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வலது காலால் தரையை மிதித்து பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். "இந்த ஆளுக்கு கியர் போடவே தெரியல கவிதாம்மா, இறங்கி நானே ஓட்டட்டுமா"ன்னு என் காதைக் கடித்தார். "இன்னிக்கு நீ பாசஞ்சர், கம்முனு உக்காரு"ன்னு அதட்டினேன். சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. ஓட்டல் வாசலில் பெட்டியை வாங்க ஒரு பையன் ஓடிவந்தபோது, கொடுக்க மனசு வராமல் இவரே தூக்கிக்கொண்டு போனார்.

உள்ளே நடந்ததை நான் விவரிக்க வேண்டாம். வரவேற்பில் இருந்த பெண் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இது எங்க வவுச்சரே இல்ல மேடம். இந்த மாசத்துல ஏற்கெனவே ரெண்டு மூணு ஃபேமிலி இதே மாதிரி வந்து நின்னாங்க"ன்னார். நீ ரசீதைக் காட்டினாய், ஃபோன் நம்பரைக் காட்டினாய். அந்த நம்பரை அங்கேயே போட்டோம். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. சோபாவில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. உன் அப்பாதான், "பரவால்லம்மா, வா, வெளிய காத்து நல்லா அடிக்குது"ன்னு உன் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு வந்தார்.

வெளியே வந்தால், பார்க்கிங்கில் செங்கல்பட்டு ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தர். "ஏழுமலைண்ணே! இன்னா ட்ரிப்பு? யாரை ஏத்திக்கினு வந்த?"ன்னு ஓடிவந்தார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ட்ரிப்பெல்லாம் ஒண்ணும் இல்லபா. எம்பொண்ணு என்னைக் கூட்டிக்கினு வந்திருக்குது"ன்னார். அந்த நேரத்திலும் அப்படிச் சொன்னார், பார். அந்தப் புண்ணியவான்தான் மார்க்கெட் பக்கத்தில் சின்ன லாட்ஜில் ரூம் பிடித்துக் கொடுத்தார். சூடாக ஊட்டி வர்க்கி பிஸ்கட் தின்றோம், பூங்காவுக்குப் போனோம், ஒரே கம்பளிக்குள் மூன்று பேரும் நடுங்கினோம். எனக்கும் அவருக்கும் அது சந்தோஷமான பயணம்தான் கண்ணு, சாமி சத்தியமாகச் சொல்கிறேன். நீ மட்டும் ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

திரும்பி வந்ததும் நீ முதல் வேலையாக அந்த ஏலக்கடைக்கே புகார் எழுதினாய். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினாய், மறுபடி அதே நன்றி. மெஷின் பதில் போடுகிறதாம். அதற்குள் அவன் வேறு பேரில், அதே படத்தைப் போட்டு, அதே வவுச்சரை விற்க ஆரம்பித்திருந்தான். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் என்னை உட்கார வைத்து அதைக் காட்டினாய். அங்கேயும் ஸ்டார் எதுவும் இல்லை.

"பாத்தியாம்மா? ஒவ்வொரு தரமும் பேர மாத்திக்கினு புதுசா வரான். அவனுக்கு எப்பவுமே போணிதான்."

வாங்கு வாங்கு என்றவள் நான்தான். ஆனாலும் நான் சொன்னது என்ன? "போனது போவட்டும், விடு. வாலாஜாபாத்திலேர்ந்து அடுத்த வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வராங்க. இந்த நேரத்துல ஏமாந்தோம், போலீசுக்குப் போனோம்னு பேர் எடுக்காத." அதுதான் அப்போது எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. சர்க்கார் உத்தியோகத்துப் பையன், பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம், வரதட்சணை வாயைத் திறந்து கேட்கவில்லை. இப்படி ஒரு இடம் தானாக வந்து கதவைத் தட்டும்போது, நீ போலீஸ் ஸ்டேஷன் கதவைத் தட்டப் போகிறேன் என்று நின்றாய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று கத்தினேன். நீயும் கத்தினாய். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அப்போது நீ கேட்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "உங்க கடையில புடவை சரியில்லன்னு ஒரு அம்மா திரும்பி வந்து வாசல்ல நின்னு கத்தினா, உங்க முதலாளி இன்னா செய்வாரு?"ன்னு கேட்டாய். இன்னா செய்வார், உடனே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, வேறு புடவையை மாற்றிக் கொடுத்து, கடையில் இருக்கிற மற்ற கிராக்கி காதில் விழுவதற்குள் அனுப்பிவைப்பார் என்றேன். "அப்ப கத்தினாத்தானே மாத்திக் குடுக்கறீங்க? கத்தாம போனவங்கள இன்னா பண்றீங்க?" என்றாய். கத்தாமல் போனவர்களை நாங்கள் என்ன பண்ணுகிறோம், மறந்துவிடுகிறோம். அதை உன்னிடம் சொல்லாமல் பேச்சை மாற்றி, குழம்பு கருகுகிறது என்று எழுந்து போனேன். அன்றைக்குக் குழம்பே வைக்கவில்லை.

உன் அப்பாதான் உன்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். "யாரும்மா ஏமாத்தினது? பேரு இன்னா, அட்ரஸ் இன்னா?"ன்னு ரைட்டர் கேட்டாராம். தெரியாது என்றாயாம். "ஆளே தெரியாம யார் மேலம்மா கேசு எழுதறது? கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கு மெட்ராஸ்ல தனி பிரிவு இருக்குது, அங்க போ" என்று அனுப்பினாராம். நீ லீவு போட்டுக்கொண்டு அங்கேயும் போனாய். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், உட்கார வைத்துக் கேட்டார். இது போலி வவுச்சர்தான் என்று அந்த ஓட்டல்காரர்கள் எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு நகர்த்தலாம் என்றார். ஏலக்கடை மெஷினும் கடைசியில் அதையேதான் கேட்டது. நீ ஊட்டிக்கு ஃபோன் போட்டாய். மேனேஜர், "எங்க பேரை எதுக்கும்மா இதுல இழுக்கறீங்க? ஓட்டலுக்குக் கெட்ட பேராயிடும்"னு வைத்துவிட்டார். மூன்று தரம் போட்டாய், மூன்று தரமும் வைத்துவிட்டார். நான் எரிகிற நெருப்பில் இன்னும் கொஞ்சம் நெய் வார்த்தேன். "பாத்தியா? ஓட்டல்காரனுக்கே பேரு முக்கியம். உனக்கு மட்டும்தான் வேணாம்"னேன்.

அதற்குள் வாலாஜாபாத்துக்காரர்கள் காதுக்கு விஷயம் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று கேட்காதே, நம் ஊரில் தறிச் சத்தத்தைவிட வம்பு வேகமாகப் போகும். தரகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "பொண்ணு ஸ்டேஷனுக்கெல்லாம் போய் வருதாமே, அவங்க கொஞ்சம் யோசிக்கிறாங்க"ன்னு இழுத்தார். யோசிக்கிறார்கள் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நான் உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நீ ஃபோன் பண்ணினால் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். சண்டை போட்டால் தலைமேல் ஏறி உட்காருகிற நீ, அந்த ஒரு வாரம் தினமும் காலையில் ஃபோன் பண்ணி, "அம்மா சாப்டாங்களா?"ன்னு மட்டும் அப்பாவைக் கேட்டாயாம்.

அந்த வாரத்தில்தான் உன் அப்பா ஒரு வேலை செய்தார். உனக்கு முழுசாகத் தெரியாது, அவர் சொல்லியிருக்கமாட்டார். ஸ்டாண்டில் எல்லா டிரைவரையும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு உதவி கேட்டார். ஊட்டிக்கு ட்ரிப் போகிறவர்கள் அந்த ஓட்டல் பக்கம் போனால், உள்ளே போய், வரவேற்பில் நின்று, கொஞ்சம் சத்தமாக, "காஞ்சிபுரத்துப் பொண்ணுக்கு அந்தப் போலி வவுச்சர் விஷயமா லெட்டர் குடுத்துட்டீங்களா சார்?"னு கேட்க வேண்டும், அவ்வளவுதான். சண்டை கூடாது, அதட்டக் கூடாது. கேட்டுவிட்டு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். செங்கல்பட்டு ஸ்டாண்டுக்கும் சொல்லிவிட்டார். அது சீசன் நேரம். தினமும் யாராவது ஒரு டிரைவர் போய், ரூம் கேட்க வந்து நிற்கிற கிராக்கிகளுக்கு நடுவே மரியாதையாக நின்று, அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறார். கிராக்கிகளைக் கொண்டுவந்து இறக்குகிறவனே டிரைவர்தான், அவனை ஓட்டல்காரர் விரட்ட முடியுமா? மேனேஜர் எத்தனை நாள் தாங்குவார்! ஓட்டல் முத்திரை போட்ட கடிதம் கூரியரில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்துவிட்டு உன் அப்பா, "நல்ல மனுஷன்பா, கேட்டா குடுக்கறாரு"ன்னார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷனுக்குள் இவ்வளவு விஷமம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்தக் கடிதம் போனதும் ஏலக்கடையிலிருந்து மெஷின் இல்லாமல் ஒரு மனுஷர் உன்னிடம் பேசினார். அவன் போட்டிருந்ததை எல்லாம் எடுத்தார்கள். வேறு பேரில் மறுபடி போட்டான், நீ கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து மறுபடி புகார் கொடுத்தாய், அதையும் எடுத்தார்கள். அப்புறம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. அவனைப் பிடித்தார்களா என்றால், அது இன்றுவரை நமக்குத் தெரியாது. உன் பணமும் வரவில்லை. அதற்காக நான் இப்போது வருத்தப்படவில்லை, நீயும் படாதே.

நான் மனம் மாறினது அந்தக் கடிதத்தால் இல்லை, ஒரு ஃபோனால். உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அவன் வவுச்சரை வாங்கக் கேட்டவர்களுக்கெல்லாம் நீ இன்டர்நெட்டிலேயே எச்சரிக்கை எழுதி, சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள் என்று வீட்டு நம்பரையும் கொடுத்திருந்தாய் அல்லவா? அதற்கு மதுரைக்காரர் ஒருத்தர், நீதான் ஃபிராடு, போட்டி வியாபாரி, போலீசில் சொல்லுவேன் என்று திட்டி எழுதினார். அன்றைக்கு நீ அழுதாய். நான் உன்னோடு பேசாத அந்த வாரக் கடைசியில் அதே ஆள் வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். "கவிதா மேடம் வீடுங்களா?"ன்னார். மேடமா, யார் அது என்று ஒரு நிமிஷம் எனக்கே விளங்கவில்லை. அப்புறம் அவராக விசாரித்துப் பார்த்தாராம், ஓட்டலுக்கே ஃபோன் போட்டாராம். அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து அனுப்பிவைக்க இருந்தாராம். "அவ்வளவு தூரம் போயி வாசல்ல நின்னிருப்பாங்கம்மா. உங்க பொண்ண நான் ரொம்பத் திட்டிட்டேன். மன்னிச்சிக்கச் சொல்லுங்க"ன்னார். அந்த ஓட்டல் வரவேற்பில் உன் அப்பாவுடைய வெள்ளைச் சட்டையும், சோபாவிலிருந்து நம்மைப் பார்த்த கண்களும் எனக்கு ஞாபகம் வந்தன. நான் ஃபோனை வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மறுநாள் காலையில் நீ கூப்பிட்டபோது நானே எடுத்து, "சாப்டியாடி?"ன்னு கேட்டேன். ஏன் திடீரென்று பேசினேன் என்று நீ கேட்கவே இல்லை. நல்லவேளை.

இனி சொல்ல வந்த விஷயம். உனக்கு மாகறலில் இந்த இடம் அமைந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்கே தெரியும். மாப்பிள்ளை தங்கமான பையன். உன் மாமியார் ஆகப்போகிறவர் அங்கன்வாடி டீச்சர், அளந்து பேசுகிறவர், அவரைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயம். போன வாரம் முகூர்த்தப் புடவை எடுக்க அவர்கள் குடும்பத்தோடு நம் கடைக்கே வந்தார்கள். நான்தான் புடவைகளை எடுத்து விரித்தேன். விரிக்க விரிக்க எனக்குள் ஒரே குடைச்சல். இவர்கள் காதில் நாளைக்கு யாராவது வந்து, பொண்ணு ஸ்டேஷன் படி ஏறினவள் என்று ஓதினால்? அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். ஒருகாலத்தில் மூடி மறைக்கச் சொன்ன இதே வாயால், அரக்குக் கலர் புடவை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "சம்பந்தி, ஒரு விஷயம். எம்பொண்ணு ஒரு ஏமாத்துக்காரன் மேல போலீசுல புகார் குடுத்தவ. ஒரு தரம் இல்ல, அவன் கடைய மூடற வரைக்கும் குடுத்தவ. அது தெரிஞ்சி உங்களுக்கு சம்மதம்னா புடவைய எடுங்க"ன்னேன். எனக்கே ஆச்சரியம்.

அந்த அம்மா முழுக் கதையையும் கேட்டார், வவுச்சர், ஓட்டல் எல்லாம். அப்புறம் அவருடைய வீட்டுக்காரரையும் மாப்பிள்ளையையும் பார்த்து, "நீங்க போயி அந்தப் பக்கம் வேட்டி பாருங்க"ன்னு அனுப்பிவிட்டார். போயிற்று, இந்த இடமும் போயிற்று என்று நான் நினைத்தேன். அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து, உள்ளறையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, விரித்திருந்த புடவைகளின் மேலேயே வைத்தார். வழவழவென்று கலர் தாள். காசி, கயா, அலகாபாத், இரண்டு பேருக்குப் பயணம், தங்குமிடம், சாப்பாடு என்று போட்டிருந்தது. அவருடைய அக்காவைக் காசிக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டு, பிரவுசிங் சென்டர்காரரை விட்டு இன்டர்நெட்டில் வாங்கியிருக்கிறார். பணம் கட்டினதோடு சரி, ஃபோன் எடுக்கவில்லை. வருஷம் ஒன்றாகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. அக்காவிடம், முழங்கால் வலிக்கிறது, அப்புறம் போகலாம் என்று சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அ, ஆ சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஏமாந்துவிட்டாள் என்று சிரிப்பார்களே என்று தாளையும் கிழிக்க முடியாமல், வெளியிலும் சொல்ல முடியாமல், தேள் கொட்டின திருடன் மாதிரி பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நீ வந்ததும் அவர் உன்னைத் தனியாகக் கூப்பிடுவார். எப்போது என்று தெரியாது, மறுவீட்டு விருந்து முடிந்து எல்லோரும் தூங்கப் போன பிறகாக இருக்கலாம், வேறு ஒரு நாளாகவும் இருக்கலாம். நீயாகக் கேட்காதே. கூப்பிட்டால் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார். எப்படி ஏமாந்தீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே கண்ணு. ஊட்டியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான், "இவ்ளோ படிச்சிட்டு எப்டிடி ஏமாந்த"ன்னு. அதற்குப் பிறகு காஞ்சிபுரம் வரும்வரை நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். எங்கே புகார் எழுத வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், அதை மட்டும் அவருக்குச் சொல்லு.

முதலாளி வருகிறார், நான் எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அம்மா தாளை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். அளந்து பேசுகிற அந்த டீச்சர், கடையில் எல்லோரும் இருக்க, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: "உங்க பொண்ணு என்னைப் பாத்து சிரிக்காதே?"

சிரிக்கமாட்டாள் என்று உன் பேரில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மா